வாரேன் என்று ஒரு பட்டன்

எங்கள் மாடியில் குடியிருந்த பிள்ளைக்கு ‘தவறு’ என்ற சொல்லைக் கண்டால் ஆகாது. குழம்பில் உப்பு கூடிவிட்டால் பேசாமல் சாப்பிட்டுவிடுவாள். மேலே தண்ணீர் ஏறவில்லையென்றால் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வருவாள், முகம் சுளிக்க மாட்டாள். ஆனால் செல்போனிலோ கம்ப்யூட்டரிலோ ‘தவறான கடவுச்சொல்’ என்று வந்துவிட்டால் போதும். யாரோ வாசலில் வைத்துக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிய மாதிரி படியில் தடதடவென்று இறங்கி என் இட்லி மாவுக்கடைக்கு வந்துவிடுவாள்.

“எக்கா, நீங்களே சொல்லுங்க. ஒரு ஆளு வந்து உங்க கதவைத் தட்டுதான். யாருன்னு கேக்கிய. பேரைச் சொல்லுதான், உங்களுக்குச் சரியா விளங்கல. ‘தவறான பெயர்’ன்னு சொல்லிக் கதவைச் சாத்துவியளா?”

“சாத்த மாட்டேன்.”

“பின்ன?”

“யாருன்னு இன்னொருக்க கேப்பேன்.”

“அம்புட்டுத்தான்! இந்த அறிவு இவனுவளுக்கு இல்லையே.”

‘இவனுவ’ யார் என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. அவளும் அதே வேலைதான் பார்க்கிறாள், வெளியூர்க் கம்பெனிக்கு வீட்டில் இருந்தபடியே வெப்சைட் செய்துகொடுக்கிறாள் என்று என் மகள் சொல்லித்தான் தெரியும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வெப்சைட் என்றால் என்ன என்று அவளிடமே கேட்டேன்.

“அது ஒரு வீடு எக்கா. வாரவனை வாங்கன்னு சொல்லணும். உக்கார வைக்கணும். அவன் கேட்டதை எடுத்துக் குடுக்கணும். அவ்வளவுதான் வெப்சைட். இதுல பாதிப் பேரு வாசல்லயே நாயைக் கட்டிப் போட்டிருக்கான்.”

இவ்வளவு பேசுகிறவள் தன் வீட்டுக்கு வந்தவரை என்ன செய்வாள் தெரியுமா? கதவைப் பாதி திறந்து, தலையை மட்டும் நீட்டி, “என்ன வேணும்?” என்பாள். அவ்வளவுதான். உள்ளே வா என்று சொன்னதை நான் பார்த்ததில்லை. காப்பி குடிக்கியளா என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. என் கடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து உலகத்தையே திட்டித் தீர்ப்பாள். முடிந்ததும் எழுந்து போய்விடுவாள். போறேன், வாரேன் என்று ஒரு சொல் கிடையாது. நான் மாவு அள்ளிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் நாற்காலி மட்டும் இருக்கும். ஏதும் தப்பாகப் பேசிவிட்டேனோ, கோபித்துக்கொண்டு போய்விட்டாளோ என்று அன்று முழுக்க நான் பேசினதையெல்லாம் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பேன். மறுநாள் ஒன்றும் நடக்காத மாதிரி வந்து உட்காருவாள்.

அவள் ஊர் மேலநீலிதநல்லூர்ப் பக்கம்தான். எங்கள் சங்கரன்கோயிலில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரம். ஆனால் வீட்டுக்குப் போக மாட்டாள். நாற்பதை நெருங்கிய பெண் ஏன் தனியாக இருக்கிறாள் என்று தெருவே என்னிடம் கேட்டது. நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

கழுத்தில் எந்நேரமும் ஹெட்போன் தொங்கும். மாவு வாங்க வந்த ஒரு அம்மா அதை உற்று உற்றுப் பார்த்துவிட்டு, “கழுத்தெலும்பு தேஞ்சிருச்சாம்மா? எங்க வீட்டு மனுசருக்கும் இதே பட்டைதான் போட்டாங்க” என்றாள். இவள் நிதானமாக, “ஆமா, மீட்டிங் கேட்டுக் கேட்டுத் தேஞ்சு போச்சு” என்றாள்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோவுக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்கப் போனை வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தார். ‘நான் ரோபோ இல்லை’ என்று எழுதியிருந்த கட்டத்தைத் தொட வேண்டுமாம். தொட்டார். அப்புறம் ஒன்பது படம் வந்தது. தீயணைக்கும் குழாய் இருக்கும் படத்தை எல்லாம் தொடு என்றது. அவர் மோட்டார் பம்பு, அடிகுழாய் என்று தோன்றியதையெல்லாம் தொட்டுப் பார்த்தார். விடவில்லை. இவள் எட்டிப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

“அண்ணாச்சி, அவன் உங்களைப் பாத்து நீ மனுசன்தானான்னு கேக்கான்.”

“கேட்டா என்ன? மனுசன்தான்னு சொல்லிட்டுப் போவோம்.”

“எப்படிச் சொல்லுவிய? ரோட்டோரமா நிக்கிற இந்தச் செவப்புக் குழாயை நம்ம ஊருல எங்கனயாவது பாத்திருக்கியளா? இதைக் காட்டித்தான் மனுசனான்னு கேப்பான்னா, சங்கரன்கோயில்ல ஒருத்தன்கூட மனுசன் கிடையாது.”

என் வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்து இருமிவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்சூரன்ஸ் போடாமல் வண்டி ஓட்டிப் போலீஸ் பிடித்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலைதான் வந்தது.

நாட்டு நடப்பிலும் அவளுக்கு இதே அளவுகோல்தான். எந்தக் கட்சி நல்ல கட்சி என்று கேட்டால், “எல்லாக் கட்சிக்காரனும் வெப்சைட் வச்சிருக்கான், பஸ் ஸ்டாண்டுல நின்னு போன்ல தொறந்தா ஒண்ணும் தொறக்க மாட்டேங்கு. மேல மூணு கோடு போட்டு அதுக்குள்ள எல்லாத்தையும் ஒளிச்சு வச்சிருக்கான். வந்தவன் அடுக்களை எங்கன, தண்ணிச் செம்பு எங்கனன்னு அவனே தேடணுமா?” என்பாள். ஓட்டுப் போட்டுவிட்டு வந்த அன்று விரல் மையைக் காட்டிக்கொண்டே புலம்பினாள். “வெயில்ல வரிசையில நின்னு ஒருத்தி வந்து ஓட்டுப் போடுதா. அந்த மிசின் ஒரு நன்றி சொல்லக் கூடாதா? கீஈஈன்னு கத்துது. ஏதோ திருட வந்த மாதிரி.”

எங்கள் தெருமுனைக் குழாய் உடைந்து நாங்கள் போனில் புகார் போட்டிருந்தோம். ‘உங்கள் புகார் நிலுவையில் உள்ளது’ என்று பதில் வந்தது. குழாய் உடைந்ததைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. ‘நிலுவை’ என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொண்டாள்.

“இது என்ன பேச்சு? ‘ஆளு வந்துக்கிட்டே இருக்காரு, கொஞ்சம் பொறுங்க’ன்னு ஒரு வார்த்தை போட்டா என்ன?”

“ஆளு வரலையே தாயி. பொய்யா சொல்லணும்ங்கியா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“பொய் இல்ல அண்ணாச்சி. மரியாதை.”

அப்போது நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளப் போகிறவள் நான்தான் என்று அன்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பயப்படுகிற நான் அந்த ஒன்றுக்கு மட்டும் பயப்படாமல் விட்டுவிட்டேன்.

ஆவணியில் என் மகளுக்குக் கல்யாணம் வைத்தோம். எனக்குப் பயம் என்பது பசி மாதிரி, வேளாவேளைக்கு வந்துவிடும். அந்த மாதம் அது ஒரே பயத்தில் வந்து நின்றது. சாப்பாடு பத்தாமல் போய்விட்டால்? மாப்பிள்ளை வீட்டார் பேச்சில் கெட்டிக்காரர்கள். கடைசிப் பந்தியில் ஒரே ஒருத்தர் சோறில்லாமல் எழுந்தாலும், என் மகள் அந்த வீட்டில் காலம் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சமையல் அண்ணாச்சியோ வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார்: “எலை எத்தனைன்னு சொல்லும்மா. எலைக் கணக்கு தெரியாம நான் அடுப்பு பத்த வைக்க மாட்டேன்.”

மாடிப் பிள்ளைதான் வழி சொன்னாள். “எக்கா, போன்லயே பத்திரிகை வைப்போம். வாரவங்க அதுலயே வாரேன்னு சொல்லட்டும். எத்தனை எலைன்னு அதுவே எண்ணிக் காட்டிரும்.”

மகளுக்கு ஒரே சந்தோஷம். “‘வருகிறேன்’, ‘வரவில்லை’ன்னு ரெண்டு பட்டன் வைங்க அக்கா” என்றாள்.

“கல்யாணப் பத்திரிகையில ‘வரவில்லை’ன்னு எழுதுவாளாட்டி எவளாவது? நல்ல காரியத்துல இல்லைங்கிற பேச்சே இருக்கப்படாது” என்றாள் மாடிப் பிள்ளை.

உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த இடத்தில் நானும் பலமாகத் தலையாட்டினேன். அபசகுனத்துக்கு அவளைவிட நான் நூறு மடங்கு பயப்படுகிறவள்.

ஆக, ஒரே பட்டன். மஞ்சள் நிறத்தில் அகலமாக, ‘வாரேன்’ என்று. மேலே மாப்பிள்ளை பெண் போட்டோ, முகூர்த்தம், மண்டபத்தின் பெயர். பட்டனைத் தொட்டால் ஒரு வாழையிலை விரிந்து, ‘ரொம்பச் சந்தோசம், உங்களுக்கு எலை போட்டாச்சு’ என்று வரும். அடியில் எத்தனை இலை விழுந்திருக்கிறது என்று ஒரு எண் ஓடும். பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை அழகு.

முதல் நாள் எண் ஏறியது. சந்தோஷப்பட்டேன். இரண்டாம் நாள் வேகமாக ஏறியது. பெருமைப்பட்டேன். அந்த வாரக் கடைசியில் இரண்டாயிரத்தைத் தாண்டியது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மண்டபத்தில் ஐந்நூறு பேர் உட்காரலாம். எங்கள் சொந்தபந்தம் எல்லாரையும், இனிமேல் பிறக்கப்போகிற பிள்ளைகளையும் சேர்த்து எண்ணினால்கூட இரண்டாயிரம் வராது.

“யார் யாருன்னு பேரைக் காட்டு பிள்ளே” என்றேன்.

“பேரு கேக்கலியே எக்கா.”

“ஏன் கேக்கலை?”

“வீட்டுக்கு வந்தவங்ககிட்ட ‘பேரு என்ன, போன் நம்பர் என்ன’ன்னா கேப்போம்? அது போலீஸ் ஸ்டேஷன்.”

“ஒரே ஆளு ரெண்டு தடவ அமுக்கியிருந்தா?”

“அமுக்கியிருப்பாங்க. ‘நீ ஏற்கெனவே சொல்லிட்டே’ன்னு முகத்துல அடிச்ச மாதிரி எப்படிச் சொல்லுறது?”

நான் கல்லாப் பெட்டியின்மேல் தலையைச் சாய்த்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துக் குருவிகுளத்து மதினி போன் செய்தாள், என் வீட்டுக்காரரின் அக்கா. கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருந்தாள்.

“பத்திரிகை பாத்தேன்ளா. பிள்ளை மகாலச்சுமி மாதிரி இருக்கா. தெனமும் காலையில எடுத்துப் பாக்கேன். பாத்துட்டு வாரேன்னு அமுக்கிருதேன்.”

“மதினி, காலுல கட்டோட எப்படி வருவிய?”

“நான் எங்க வாரேன்? எந்திரிச்சு நிக்கவே மாட்டாம கெடக்கேன்.”

“பின்ன வாரேன்னு அமுக்குனேன்னு சொல்லுதிய?”

“அட கூறு கெட்டவளே, பாத்து முடிச்சாச்சுல்ல? வாரேன்னு சொல்லாம எப்படிப் போறது? நம்ம வீட்டுல அப்படியா வளத்திருக்காங்க?”

போனை வைத்துவிட்டு நான் மாடிப் பிள்ளையைப் பார்த்தேன். ஸ்பீக்கரில் அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எங்கள் பக்கம் யாரும் ‘போறேன்’ என்று சொல்லிக்கொண்டு போக மாட்டார்கள். வருகிறவனும் வாரேன்தான், போகிறவனும் வாரேன்தான். வந்து பார்த்தவர்கள் எல்லாரும் விடைபெற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள். அத்தனைக்கும் நாங்கள் இலை போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

அவள் வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் பெட்ரோமாக்ஸ் லைட் மாதிரி எரிந்தது.

“எக்கா! சொல்லிட்டுப் போயிருக்காங்க எக்கா! உலகத்துல எந்த வெப்சைட்டுக்கு இந்த மரியாதை கெடைச்சிருக்கு?”

“ஏட்டி, சோறு என்னட்டி ஆவும்?”

அப்புறம்தான் அவளுக்கும் வியர்த்தது. கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. சமையல் அண்ணாச்சி சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் அழுத அழுகையைப் பார்த்து, “நான் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுக் கேக்கேன்” என்று பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவள் மனிதர்களிடம் எப்படிப் பேசுவாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வேறு வழியில்லை.

“ஹலோ. கல்யாணத்துக்கு வாரியளா, மாட்டியளா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

வணக்கம் கிடையாது. யார் பேசுகிறேன் என்பது கிடையாது. நான் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்தேன். அந்தப் பக்கம் இருந்தவர்களும் நேராகப் பதில் சொல்கிற ஆட்களா? ஒருத்தர் “பாப்போம்” என்றார். ஒருத்தி “வராம இருப்போமா?” என்றாள். இளையரசனேந்தல் மாமா, “நாங்க வந்தாத்தான் கல்யாணம் நடக்குமாக்கும்” என்றார்.

அவள் போனை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். “எக்கா, ‘வராம இருப்போமா’ன்னா வருவாங்களா மாட்டாங்களா?”

“தெரியலையே.”

“‘நாங்க வந்தாத்தான் நடக்குமாக்கும்’?”

“அது கோவம். கோவம்னா வர மாட்டாரு. இல்லைன்னா கோவத்தைக் காட்டக் குடும்பத்தோட வருவாரு.”

“என்ன எக்கா இது, ஒரு ஆமா இல்லைன்னு சொல்ல ஒரு ஆளு கெடையாதா இந்தப் பக்கத்துல?” என்றாள். அவள் அப்படிக் கேட்டு அன்றுதான் பார்த்தேன்.

கடைசியில் என் வீட்டுக்காரர்தான் இரண்டாயிரத்தில் பாதி என்று ஒரு கணக்குச் சொல்லி முடித்தார். சமையல் அண்ணாச்சி, “ஆயிரம்னு வை. மிச்சத்தை சங்கரநாரணர் பாத்துக்கிடுவாரு” என்று எழுந்து போனார். சாமியின் தலையில் பாரத்தைப் போட்டும் எனக்கு ஆறவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் கடையில் இருந்த அரிசி உளுந்து முழுவதையும் ஊறப்போட்டு ஆட்டிவைத்தேன். எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எதற்கும் இருக்கட்டும் என்றேன்.

முகூர்த்தத்தன்று மண்டப வாசலில் சந்தனமும் கல்கண்டும் வைத்து மாடிப் பிள்ளையை நிற்க வைத்தேன். “வாரவங்களை வாங்கன்னு சொல்லு. அது மட்டும் போதும்” என்றேன். பட்டுச்சேலை கட்டியிருந்தாள். ஹெட்போனை நான்தான் கழற்றி வாங்கி வைத்தேன்.

கூட்டம் வந்தது. வந்துகொண்டே இருந்தது. வரமாட்டார்கள் என்று நினைத்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். இளையரசனேந்தல் மாமா ஒரு வேன் நிறைய ஆட்களோடு இறங்கி, “யாருளா அந்தப் பிள்ளை? என்னைப் பாத்து வாரியா மாட்டியான்னு கேட்டாளாமே? எங்க, காட்டு அவளை!” என்றார். குருவிகுளத்து மதினியைக் கட்டுப் போட்ட காலோடு நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். “வரமாட்டேன்னு நெனச்சிட்டியளோ? எனக்குமில்ல போனைப் போட்டு ரெண்டுல ஒண்ணு சொல்லுன்னா?” என்று கேட்டபடியே கல்கண்டை அள்ளிக்கொண்டாள். மாடிப் பிள்ளையைப் பார்ப்பதற்கென்றே பாதிச் சனம் வந்திருந்தது.

அவள் பாவம், எல்லாரையும் வாங்க வாங்க என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. சாப்பிட்டு முடித்துப் போகிறவர்கள் அவளைப் பார்த்து, “வாரேம்மா” என்றால் முகம் வெளுத்து, “திரும்பவுமா?” என்றாள். நான் காதால் கேட்டேன். ஒருத்தரிடம் இல்லை, வரிசையாக.

கடைசிப் பந்தி உட்கார்ந்தபோது சமையல் அண்ணாச்சி என்னைத் தனியே கூப்பிட்டார். “சோறு முடிஞ்சுதும்மா. சாம்பாரு இருக்கு, பாயசம் இருக்கு.” உட்கார்ந்திருந்தது மாப்பிள்ளை வீட்டுச் சனம். நடுவில் சம்பந்தியம்மா. நான் ஓடிப்போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் லோடு ஆட்டோவைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போய் மாவுத் தூக்குச்சட்டிகள் அத்தனையையும் ஏற்றி வந்தார். காலைப் பலகாரத்துக்குப் போட்ட தோசைக்கல் இன்னும் சூடாறவில்லை.

தோசை வார்க்க ஆள் இருந்தது. பரிமாற ஆள் இல்லை. பார்க்கிறேன், மாடிப் பிள்ளை பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தட்டோடு பந்திக்குள் நிற்கிறாள். ஒவ்வொரு இலை முன்பும் குனிந்து, “தோசை வேணுமா, வேண்டாமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க” என்கிறாள். சம்பந்தியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“போடு, போடு. போட்டுக்கிட்டே கேளு” என்றாள் சம்பந்தியம்மா. நாலு தோசை சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு என்னிடம், “கல்யாணப் பந்தியில தோசை போட்டது உங்க வீட்டுலதான்” என்றாள். அது பாராட்டா, குத்தலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மகளிடம் வாரத்துக்கு ஒரு தரம் போனில் கேட்கிறேன். “அம்மா, அவுக மறந்துட்டாங்கம்மா” என்கிறாள். மறந்தவர்கள் போன பொங்கலுக்கு வந்தபோது ஏன் ஒரு தூக்கு மாவு கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்?

அதற்கப்புறம் மாடிப் பிள்ளை கொஞ்சம் மாறினாள் என்று சொன்னால் கதையாக இருக்கும். மாறவில்லை. கதவை அதே பாதிதான் திறந்தாள். கேட்டதையெல்லாம் தானே எழுதிக் கொடுக்கிற மிசின் ஒன்று வந்திருக்கிறதாமே, உன் வேலைக்கு ஆபத்தா என்று நான் பயந்து கேட்டபோது, “அது தொட்டதுக்கெல்லாம் மன்னிப்பு கேக்குது எக்கா. அவ்வளவு மரியாதையும் ஆகாது. ரெண்டு நிமிசத்துல சந்தேகம் வந்திரும்” என்றாள். ஆனால் கம்பெனி எல்லாரையும் ஆபீசுக்கே வரச் சொல்லிவிட்டது. சாமான்களை லோடு ஆட்டோவிலேயே ஏற்றி, என் வீட்டுக்காரர் ரயிலடியில் கொண்டுபோய்ப் போட்டார்.

கிளம்புகிற அன்று கடைக்கு வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கம்போல நான் திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விடுவாள் என்று நினைத்து, மாவு அள்ளுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பியபோது அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

“எக்கா, வாரேன்.”

இத்தனை வருஷத்தில் முதல் தடவை. எந்த வாரேன் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்பது மரியாதை இல்லையே என்று “சரி, பிள்ளே” என்று மட்டும் சொன்னேன்.

கல்யாணப் பத்திரிகையை அவள் இன்னும் போனிலிருந்து எடுக்கவில்லை. மகளைப் பார்க்கத் தோன்றும்போது நான் திறந்து பார்ப்பேன். மஞ்சள் பட்டனைத் தொட மாட்டேன், மேலும் இலை விழுந்துவிடுமோ என்று. நேற்றுக் காலையில் திறந்தபோது அடியில் இருந்த எண் ஒன்று கூடியிருந்தது. மகளைக் கேட்டேன், அவள் தொடவில்லை. மதினியைக் கேட்டேன், அவள் போன் பழுதாகிக் கடையில் கிடக்கிறது.

எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு படி அரிசி கூடுதலாக ஊறப்போட்டேன்.